காரைக்குடியில் பிறந்த வங்கியும் பதினோரு நீதிபதிகளும்



1969-ஆம் வருடம் ஜூலை 19, சனிக்கிழமை. அன்று இரவு வானொலியில் பிரதமர் இந்திரா காந்தி பேசினார். நாட்டின் பெரிய வங்கிகள் 14-ஐ அரசாங்கம் எடுத்துக்கொண்டது என்பதுதான் செய்தி. எழுத்தர் வேலை கிடைத்து நான் காரைக்குடிக்கு வந்த புதிது. நகரத்தார் வீடு ஒன்றில் முகப்பை ஒட்டிய அறையில் வாடகைக்கு இருந்தேன். வீட்டுக்கார ஆச்சிக்கு எழுபதை நெருங்கிய வயது. மறுநாள் காலையில் நான் அறையை விட்டு வெளியே வந்தபோதே ஆச்சி முகப்பில் காத்திருந்தார்கள்.

“ஏந் தம்பி, நம்ம ஓவர்சீஸ் பேங்கையும் எடுத்துக்கிட்டாகளாமே, நெசந்தானா?”

“ஆமாங்க ஆச்சி. பதினாலுல அதுவும் ஒண்ணு.”

“பர்மாவுல எடுத்தாகளே, அந்த மாதிரியா?”

“இல்லைங்க ஆச்சி. நீங்க போட்ட பணத்துக்கு ஒண்ணும் ஆகாது. பேங்குக்கு முதலாளிதான் மாறுறாங்க.”

“அங்கயும் மொதல்ல இப்படித்தேன் சொன்னாக. சரி, இங்க போயி கேக்குறதுக்கு ஒரு எடம் இருக்கா?”

“கோர்ட் இருக்குங்க ஆச்சி” என்றேன். அதற்கு மேல் எனக்கும் சொல்லத் தெரியவில்லை. ஆச்சியிடம் டெப்பாசிட்டும் இருந்தது. செட்டியார் காலத்தில் வாங்கி வைத்த பங்குப் பத்திரம் கொஞ்சமும் இருந்தது. டெப்பாசிட் பத்திரமாக இருக்கும் என்று நான் சொன்னது சரிதான். பங்குக்கு என்ன ஆகும் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. அந்த வழக்கைப் பற்றி இத்தனை வருடம் கழித்து எழுதுகிறேன். அதைப் புரிந்துகொள்ள அமெரிக்காவில் ஒரு ரொட்டிக் கடை வரைக்கும் போய் வர வேண்டியிருக்கிறது. பொறுமையாக வாசியுங்கள்.

வங்கி பிறந்த கதை

நம் ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரிந்த விஷயம்தான். எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை 1937 பிப்ரவரி 10 அன்று ஆரம்பித்தார். ஒரே நாளில் மூன்று ஊர்களில் கிளை திறந்தார்கள்: காரைக்குடி, சென்னை, ரங்கூன். கடல் கடந்து தொழில் செய்தவர்களுக்குப் பணம் அனுப்பவும் அந்நியச் செலாவணி மாற்றவும் ஒரு வங்கி வேண்டும் என்ற எண்ணத்தில் பிறந்தது அது. சிதம்பரம் செட்டியார் 1954-ல் சிங்கப்பூரில் நடந்த விமான விபத்தில் காலமானார்.

எடுத்துக்கொள்ளப்பட்ட 14-ல் இந்தியன் வங்கியும் ஒன்று. 1906-ல் சென்னையின் ஆர்பத்நாட் கம்பெனி திவாலாகிப் பல குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. நம்மவர்களுக்கென்று சொந்தமாக ஒரு வங்கி வேண்டும் என்று வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்கை எடுத்தார். நகரத்தார் பக்கபலமாக நின்றார்கள். 1907-ல் அந்த வங்கி பிறந்தது.

ஆச்சி பர்மாவை இழுத்ததற்கும் காரணம் உண்டு. 1930-களின் உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்து, கடன் வாங்கிய பர்மிய விவசாயிகளின் நிலங்கள் நகரத்தார் கைக்கு வந்தன. கீழ் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் விளைநிலத்தில் ஏறக்குறைய கால் பங்கு அவர்கள் பெயரில் இருந்தது. அது அந்த நாட்டு மக்களுக்கு எவ்வளவு கசப்பாக இருந்திருக்கும் என்பதையும் நாம் மறக்கக் கூடாது. பிறகு யுத்தம் வந்தது, சுதந்திரம் வந்தது, 1948-ல் நில தேசியமய சட்டம் வந்தது. 1962-ல் ராணுவ ஆட்சி. 1963-ல் பர்மாவின் வங்கிகள் அத்தனையையும் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. கணக்கேடுகளை மட்டும் சுமந்துகொண்டு கப்பல் ஏறி வந்தவர்கள் நம் தெருக்களில் எத்தனை பேர்! அதனால்தான் ஆச்சி கேட்க இடம் இருக்கிறதா என்று கேட்டார்கள்.

சனிக்கிழமைச் சட்டம்

1969-ல் நடந்தது முதலில் அவசரச் சட்டம். ஜனாதிபதி ஜாகிர் உசேன் மே மாதம் காலமாகிவிட்டதால் துணை ஜனாதிபதி வி.வி. கிரி அந்தப் பொறுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். 19-ஆம் தேதி அவசரச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஜனாதிபதி தேர்தலில் நிற்பதற்காக மறுநாள் பதவி விலகினார். அவருக்குப் பின் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ஹிதயத்துல்லா தற்காலிக ஜனாதிபதி ஆனார். பாராளுமன்றத்தில் மசோதா நிறைவேறியபின், ஆகஸ்ட் 9 அன்று அதற்கு ஒப்புதல் தந்தவர் அவர். ஆகவே பின்னால் வழக்கை விசாரித்த அமர்வில் அவர் இல்லை.

50 கோடி ரூபாயும் அதற்கு மேலும் டெப்பாசிட் வைத்திருந்த இந்திய வங்கிகள் எடுத்துக்கொள்ளப்பட்டன. அதற்குக் கீழே இருந்தவை தப்பித்தன. கருமுத்து தியாகராஜன் செட்டியார் 1943-ல் தொடங்கிய மதுரா வங்கி அப்படித்தான் தனியார் வங்கியாகவே தொடர்ந்தது, 2001-ல் ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கியோடு இணைந்தது. வெளிநாட்டு வங்கிகளையும் அரசாங்கம் தொடவில்லை. இந்த வித்தியாசம் வழக்கில் முக்கியமான இடம் பிடித்தது.

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு அன்று சந்தோஷம்தான். என் போன்ற இளம் குமாஸ்தாக்கள் எல்லோருக்கும் அப்படித்தான். வங்கி என்றால் பெரிய மனிதர்கள் போகும் இடம் என்றிருந்த காலம். சின்ன விவசாயிக்கும் பெட்டிக் கடைக்காரருக்கும் இனி கடன் கிடைக்கும் என்று நம்பினோம். அந்த நம்பிக்கை வீண் போகவில்லை; கிராமங்களுக்கு வங்கிக் கிளைகள் வந்ததை நாமே பார்த்தோம். ஆகவே வழக்குப் போட்டவர்கள் மீது எனக்கு அன்று கோபம் இருந்தது.

வழக்குப் போட்டவர் பம்பாயைச் சேர்ந்த ருஸ்தம் கவாஸ்ஜி கூப்பர். சென்ட்ரல் வங்கியின் இயக்குநர். வேறு சில வங்கிகளிலும் பங்குதாரர். அவருக்காக வாதாடியவர் நானி பால்கிவாலா. பதினோரு நீதிபதிகள் கொண்ட அமர்வு விசாரித்தது.

வழக்கின் நடுவே 1950-ல் சென்னை ராஜ்யத்துக்கு எதிராக நடந்த ஒரு பழைய வழக்கு குறுக்கே நின்றது. அந்த வழக்கின் வேர் அமெரிக்காவில் இருந்தது.

ரொட்டிக் கடை வழக்கு

அமெரிக்காவில் உள்நாட்டு யுத்தம் முடிந்து அடிமைகள் விடுதலையான பிறகு, 1868-ல் அரசியல் சாசனத்தில் 14-ஆவது திருத்தம் சேர்த்தார்கள். யாருடைய உயிரையும் சுதந்திரத்தையும் சொத்தையும் முறையான சட்ட நெறி இல்லாமல் எந்த மாநிலமும் பறிக்கக் கூடாது என்றது அது. ஆங்கிலத்தில் ‘டியூ பிராசஸ்’ என்பார்கள். விடுதலையான கறுப்பின மக்களைக் காப்பாற்ற வந்த சொற்கள் அவை.

நியூயார்க் மாநிலம் 1895-ல் ஒரு சட்டம் போட்டது. ரொட்டிக் கடைத் தொழிலாளியிடம் ஒரு நாளைக்கு 10 மணி நேரம், வாரத்துக்கு 60 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. மாவுத் தூசியிலும் அடுப்புச் சூட்டிலும் பெரும்பாலும் நிலவறைகளில் வேலை செய்தவர்களுக்கு அது பெரிய ஆறுதல். யூட்டிகா என்ற ஊரில் கடை வைத்திருந்த ஜோசப் லாக்னர் சட்டத்தை மீறி அபராதம் கட்டினார், மேல்முறையீடு செய்தார். 1905 ஏப்ரல் 17 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. எத்தனை மணி நேரம் வேலை செய்வது என்பது முதலாளியும் தொழிலாளியும் தங்களுக்குள் பேசி முடித்துக்கொள்ளும் சுதந்திரம். அதில் சட்டம் தலையிட்டால் 14-ஆவது திருத்தம் தடுக்கும் என்றது. அடிமைகளைக் காக்க வந்த சொற்கள் முதலாளியைக் காக்கப் போய்விட்டன. மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி ஹோம்ஸ், ஏதோ ஒரு பொருளாதாரக் கொள்கையைக் காப்பாற்றுவதற்காக அரசியல் சாசனம் எழுதப்படவில்லை என்று கண்டித்தார்.

எல்லாச் சட்டமும் விழுந்தது என்று சொல்ல முடியாது. 1908-ல் ஆரிகன் மாநிலத்தில் சலவைக் கூடப் பெண்களுக்கு 10 மணி நேர வரம்பு வைத்த சட்டத்தை அதே நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் 1923-ல் வாஷிங்டன் நகரில் பெண்களுக்குக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்த சட்டம் விழுந்தது. அந்தச் சட்டத்துக்காக வாதாடித் தோற்றவர் பீலிக்ஸ் பிராங்பர்ட்டர். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் பள்ளியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அமெரிக்காவின் இந்தத் தீர்ப்புகளைப் பார்த்து பிரெஞ்சுக்காரர்கள் மிரண்டுபோனார்கள். எதுவார் லாம்பேர் என்ற சட்டப் பேராசிரியர் 1921-ல் ‘நீதிபதிகளின் அரசாங்கம்’ என்ற தலைப்பில் ஒரு புத்தகமே எழுதினார். மக்கள் தேர்ந்தெடுத்த சபை போட்ட சட்டத்தை நீதிபதி தள்ளுபடி செய்வதா என்பது அவர்களுடைய கேள்வி. புரட்சிக் காலத்திலிருந்தே பிரான்சில் நீதிபதிகளுக்கு அந்த அதிகாரத்தைக் கொடுக்காமல் வைத்திருந்தார்கள்.

அமெரிக்க நீதிமன்றமே 1937 மார்ச்சில் பாதை மாறியது. எல்சி பாரிஷ் என்ற ஓட்டல் வேலைக்காரப் பெண்ணின் கூலி வழக்கில் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் செல்லும் என்று சொல்லி 1923 தீர்ப்பை ரத்து செய்தது. காரைக்குடியில் நம் வங்கி திறந்து ஆறேழு வாரம்தான் ஆகியிருந்தது.

ஒரு சொல் போனது

இந்தியாவுக்கு அரசியல் சாசனம் எழுதும் வேலை நடந்துகொண்டிருந்தபோது, அரசியல் நிர்ணய சபையின் ஆலோசகர் பி.என். ராவ் 1947 இறுதியில் அமெரிக்கா போனார். அங்கே அவர் சந்தித்தவர்களில் ஒருவர் பிராங்பர்ட்டர். அப்போது அவர் உச்ச நீதிமன்ற நீதிபதி. ‘டியூ பிராசஸ்’ என்ற சொல்லைச் சேர்க்காதீர்கள், மக்கள் சபையின் தலைக்கு மேல் நீதிபதிகளை உட்கார வைத்துவிடும் என்ற கருத்தை அவர் சொன்னார். 1923-ல் அடிபட்டவர் சொன்ன புத்தி அது.

ராவுக்கு அது மனத்தில் பட்டது. வரைவுக் குழு அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, ஜப்பான் சாசனத்தைப் பார்த்து ‘சட்டம் வகுத்த நடைமுறைப்படி’ என்று எழுதியது. 1948 டிசம்பரில் சபையில் இதைப் பற்றிப் பெரிய விவாதம் நடந்தது. பழைய சொல்லே வேண்டும் என்று கே.எம். முன்ஷி வாதாடினார். நம் சென்னையின் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் வேண்டாம் என்றார். டாக்டர் அம்பேத்கர் இரண்டு பக்கத்திலும் ஆபத்து இருக்கிறது என்று ஒளிக்காமல் சொல்லி, முடிவைச் சபைக்கே விட்டார். சபை வரைவுக் குழுவின் வாசகத்தை ஏற்றுக்கொண்டது. இன்றைய 21-ஆவது பிரிவு அதுதான்.

நில உச்சவரம்பும் ஜமீன் ஒழிப்பும் வர வேண்டிய நாட்டில், ஒவ்வொன்றையும் நீதிபதிகள் தடுத்துவிடக் கூடாதே என்ற கவலை நியாயமானது. ஆனால் பணக்காரரின் சொத்துக்குப் பயந்து எடுத்த சொல், சிறையில் கிடப்பவனுக்கும் இல்லாமல் போயிற்று.

கோபாலன் வழக்கு

கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் 1947 டிசம்பரிலிருந்து சென்னை மாகாணச் சிறையில் இருந்தார். 1950 ஜனவரி 26-ல் குடியரசு பிறந்தது. ஒரு மாதத்தில் தடுப்புக் காவல் சட்டம் வந்தது. அதன்கீழ் மார்ச் 1 அன்று அவர் கையில் புது உத்தரவைக் கொடுத்து உள்ளேயே வைத்தார்கள். அவர் நேராக உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அவருக்காக வாதாடியவர் சென்னை வக்கீல் எம்.கே. நம்பியார். எதிர்த் தரப்பு சென்னை ராஜ்யம்.

நம்பியாரின் வாதம் எளிமையானது. ஒரு மனிதனைப் பூட்டி வைத்தால் அவன் நடமாடும் உரிமையும் போகிறது. ஆகவே 21-ஆவது பிரிவை மட்டும் தனியாகப் பார்க்காமல், நடமாடும் உரிமை தரும் 19-ஆவது பிரிவையும் சேர்த்துப் பாருங்கள். சட்டம் நியாயமாக இருக்கிறதா என்று சோதியுங்கள் என்றார்.

1950 மே 19 அன்று தீர்ப்பு. ஆறு நீதிபதிகளில் நான்கு பேர் ஒப்புக்கொள்ளவில்லை. காவலில் வைத்த காரணத்தை நீதிமன்றத்திடம்கூடச் சொல்லக் கூடாது என்ற 14-ஆவது செக்‌ஷனை மட்டும் ரத்து செய்தார்கள். மற்றபடி சட்டம் செல்லும். ஒவ்வொரு உரிமையும் தனித்தனி. ஒன்றை இன்னொன்றோடு கலக்கக் கூடாது. சபை ஒரு நடைமுறையை எழுதிவிட்டால் அது நியாயமா என்று பார்ப்பது எங்கள் வேலை இல்லை என்றார்கள். நீதிபதிகள் பசல் அலியும் மகாஜனும் மாறுபட்டுத் தீர்ப்பு எழுதினார்கள்.

இதைப் புரிந்துகொள்ள நம் வீடுகளையே நினைத்துக்கொள்ளுங்கள். வளவைச் சுற்றி வரிசையாக அறைகள். ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் அறை, தனிப் பூட்டு, தனிச் சாவி. கோபாலன் வழக்கில் நான்கு நீதிபதிகள் பார்த்தது பூட்டிய அறைகளை மட்டும். சிறைவாசியின் அறை 21. அங்கே இருப்பவனுக்கு 19-ஆவது அறையில் உள்ள சாமான் எதுவும் கிடையாது. ஆனால் எல்லா அறைகளின் கதவும் ஒரே வளவில்தானே திறக்கின்றன? பசல் அலி சொன்னது ஏறக்குறைய அதைத்தான்.

அந்தத் தீர்ப்பு 20 வருடம் அசையாமல் நின்றது.

பிப்ரவரி 10

வங்கி வழக்கில் அரசாங்கம் இந்தப் பூட்டைத்தான் காட்டியது. சொத்தை எடுத்துக்கொள்வது 31-ஆவது பிரிவு. சொத்து வைத்திருக்கும் உரிமை 19-ஆவது பிரிவு. 31-ன்படி எடுத்தாயிற்று, 19-ஐ வைத்துக் கேள்வி கேட்க முடியாது என்றது. கூப்பர் வெறும் பங்குதாரர், சொத்து கம்பெனியுடையது, அவர் எப்படி வழக்குப் போடலாம் என்றும் கேட்டது.

தீர்ப்பு வந்த நாள் 1970 பிப்ரவரி 10. நம் வங்கி பிறந்து சரியாக 33 வருடம் நிறைந்த அதே தேதி! பதினோரு பேரில் பத்துப் பேர் சார்பில் நீதிபதி ஜே.சி. ஷா எழுதினார். வங்கிகளை எடுத்துக்கொள்ளும் சட்டத்தைப் போடப் பாராளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்றே சொன்னார்கள். ஆனால் இந்தச் சட்டம் செல்லாது. காரணம் இரண்டு. மற்ற வங்கிகளும் வெளிநாட்டு வங்கிகளும் தொழிலைத் தொடரலாம், இந்த 14 மட்டும் வங்கித் தொழிலே செய்யக் கூடாது என்பது பாரபட்சம். இரண்டாவது, இழப்பீட்டைக் கணக்கிட்ட முறை சரியில்லை. பல வருடம் உழைத்துச் சேர்த்த நற்பெயரின் மதிப்பை, குட்வில் என்பார்களே, அதைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. பங்குதாரரின் சொந்த உரிமை பாதிக்கப்பட்டால் அவரும் கேட்கலாம் என்றார்கள். நீதிபதி ஏ.என். ராய் ஒருவர் மட்டும் மாறுபட்டார்.

இதற்கிடையில் கோபாலன் தீர்ப்பின் பூட்டையும் உடைத்தார்கள். ஒரு சட்டத்தின் நோக்கம் என்ன, எந்தப் பிரிவின்கீழ் வந்தது என்று மட்டும் பார்த்தால் போதாது. அதனால் ஒரு மனிதனின் உரிமைகளுக்கு என்ன விளைவு என்று பார்க்க வேண்டும். உரிமைகள் தனித்தனித் தீவுகள் இல்லை என்பது தீர்ப்பின் சாரம். அன்றைய செய்தித்தாள்களில் இழப்பீட்டுக் கணக்குத்தான் பெரிதாக வந்தது. நானும் அதைத்தான் படித்தேன்.

செய்தித்தாளை வைத்துக்கொண்டு ஆச்சிக்கு விஷயத்தைச் சொன்னேன். “அப்ப பேங்கு திரும்பி வந்துருச்சா?” என்றார்கள். ஆமாம் என்று சொல்லி நான்கு நாள்கூட ஆகவில்லை. பிப்ரவரி 14 அன்று புதிய அவசரச் சட்டம் வந்து 14 வங்கிகளையும் மறுபடி எடுத்துக்கொண்டது. இம்முறை இழப்பீட்டைத் தொகையாகவே சட்டத்தில் எழுதிவிட்டார்கள். மொத்தம் 87 கோடியே 40 லட்சம். அதில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கிக்கு இரண்டரைக் கோடி; இந்தியன் வங்கிக்கு 2 கோடியே 30 லட்சம்.

ஆச்சி சிரித்துவிட்டார்கள். “பொறகு கோர்ட்டுக்குப் போயி என்னதேன் கண்டாக?” என்றார்கள். “கொஞ்சம் கூடுதலாப் பணம் வரும்ங்க ஆச்சி” என்றேன். பர்மாவில் அதுவும் இல்லையே என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார்கள். எனக்கும் அன்று அவ்வளவுதான் தோன்றியது. பணக்காரர்களுக்கு இழப்பீட்டைக் கூட்டிக் கொடுத்த வழக்கு என்று முடிவு கட்டினேன். லாக்னர் தீர்ப்பைப் பற்றி அன்று தெரிந்திருந்தால், அது இங்கேயும் வந்துவிட்டது என்று சொல்லியிருப்பேன்.

கதவு யாருக்குத் திறந்தது

அரசாங்கமும் அப்படித்தான் நினைத்தது. 1971-ல் 25-ஆவது திருத்தம் கொண்டுவந்து ‘இழப்பீடு’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘தொகை’ என்று போட்டார்கள். 1973-ல் மூன்று மூத்த நீதிபதிகளைத் தாண்டி ஏ.என். ராய் தலைமை நீதிபதி ஆக்கப்பட்டார். வங்கி வழக்கில் தனியாக நின்றவர் அவர். 1975-ல் நெருக்கடி நிலை. விசாரணை இல்லாமல் சிறைக்குப் போனவர்கள் கேட்க இடம் இருக்கிறதா என்று கேட்டபோது, 1976 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் இல்லை என்றது. நீதிபதி எச்.ஆர். கன்னா ஒருவர்தான் உண்டு என்றார். ஆச்சி பர்மாவை நினைத்துக் கேட்ட கேள்விக்கு நம் நாட்டிலேயே அப்படி ஒரு பதில் வந்த காலம் அது.

நெருக்கடி நிலை போய், ஆட்சி மாறியது. புதிய அரசாங்கம் 1977 ஜூலையில் மேனகா காந்தியின் பாஸ்போர்ட்டை முடக்கியது. காரணம் சொல்ல மறுத்தது. 1978 ஜனவரி 25 அன்று ஏழு நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். 21-ஆவது பிரிவில் உள்ள ‘நடைமுறை’ என்பது ஏதோ ஒரு நடைமுறையாக இருந்தால் போதாது. நியாயமாகவும் நேர்மையாகவும் இருக்க வேண்டும். 14, 19, 21 மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்றார்கள். கோபாலன் தீர்ப்பின் வழி இனி இல்லை என்பதற்கு அவர்கள் காட்டிய ஆதாரங்களில் முக்கியமானது வங்கி வழக்கு. 1948-ல் எடுத்துவிட்ட சொல்லின் பொருள், சொல் திரும்பி வராமலேயே சாசனத்துக்குள் வந்துவிட்டது.

மறுவருடமே அதன் பயன் தெரிந்தது. பீகார் சிறைகளில் விசாரணைக் கைதிகள் வருடக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தார்கள். குற்றம் நிரூபணமானால் கிடைக்கும் அதிகபட்ச தண்டனையைவிட நீண்ட காலம் உள்ளே இருந்தவர்கள் அவர்களில் பலர். ஜாமீன் கட்டக் காசில்லாதவர்கள். ஹுசைனாரா காத்தூன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அவர்களை விடுவிக்க உத்தரவிட்டது. தாமதமில்லாத விசாரணையும் 21-ஆவது பிரிவு தரும் உரிமைதான் என்றது. பின்னாளில் பம்பாயின் நடைபாதைவாசிகள் வழக்கு 1985-ல், அந்தரங்க உரிமை வழக்கு 2017-ல், எல்லாம் இந்த வழியில் வந்தவை.

வேடிக்கை ஒன்றைக் கவனியுங்கள். வங்கி முதலாளிகள் கையில் எடுத்த சொத்துரிமை, 44-ஆவது திருத்தத்தால் 1979 ஜூன் 20 முதல் அடிப்படை உரிமைகளின் பட்டியலிலிருந்தே நீங்கிவிட்டது. வங்கிகளும் அரசாங்கத்திடமே இருந்தன. அவர்களுக்கு அந்த வழக்கில் மிஞ்சியது கூடுதல் இழப்பீடு மட்டும். ஆனால் அவர்கள் உடைத்த பூட்டு உடைந்தபடியே இருந்தது. அதன் வழியாக வெளியே வந்தவர்கள் பீகார் சிறையில் கிடந்த ஏழைகள். கோபாலன் 1977 மார்ச்சில் காலமானார். தான் தோற்ற வாதம் ஜெயித்ததைப் பார்க்க அவருக்கு இன்னும் பத்து மாத ஆயுள் போதவில்லை.

பிரெஞ்சுக்காரர்கள் கதையையும் சொல்லி முடிக்கிறேன். நீதிபதிகளின் அரசாங்கம் என்று மிரண்டவர்கள், 1971-ல் தங்கள் அரசியல் சாசன மன்றத்தின் மூலம் உரிமைகளை வைத்துச் சட்டத்தைத் தடுக்கத் தொடங்கினார்கள். ஜனாதிபதி மித்தெரான் காலத்தில் வங்கிகளை நாட்டுடைமையாக்கச் சட்டம் வந்தபோது, 1982 ஜனவரி 16 அன்று அந்த மன்றம் என்ன சொன்னது தெரியுமா? எடுத்துக்கொள்ளலாம், ஆனால் இழப்பீட்டுக் கணக்கு சரியில்லை என்றது. கணக்கைத் திருத்தி, பிப்ரவரி 11 அன்று சட்டத்தை மறுபடி கொண்டுவந்தார்கள். நாங்கள் பள்ளியில் மனப்பாடம் செய்த 1789 பிரகடனத்தின் 17-ஆவது ஷரத்து, நியாயமான இழப்பீடு முன்கூட்டியே தராமல் ஒருவர் சொத்தை எடுக்கக் கூடாது என்கிறது. அதைத்தான் மன்றம் ஆதாரமாக எடுத்துக்கொண்டது. நம் டெல்லியில் 12 வருடம் முன்னால் நடந்ததே பாரிசிலும் நடந்தது.

வங்கிகளை நாட்டுடைமையாக்கியது நல்லது என்ற என் எண்ணம் இன்றும் மாறவில்லை. மாறியது நீதிமன்றத்தைப் பற்றிய எண்ணம்தான். 1905-ல் அமெரிக்காவில் ரொட்டிக் கடைக்காரர் ஜெயித்தது தொழிலாளிகளுக்குக் கெடுதலாக முடிந்தது. 1970-ல் இங்கே வங்கிப் பங்குதாரர் ஜெயித்தது கைதிகளுக்கு நல்லதாக முடிந்தது. இரண்டிலும் சொல் ஏறக்குறைய ஒன்றுதான். தீர்ப்பு வந்த நாளில் யார் ஜெயித்தார் என்று பார்த்து அதை நல்லது, கெட்டது என்று முடிவு செய்தது என் தவறு. அதில் எழுதப்பட்ட காரணம் அடுத்து யாருக்குப் பயன்படும் என்று பார்த்திருக்க வேண்டும்.

ஆச்சி 1974-ல் காலமானார்கள். கோர்ட்டுக்குப் போய் என்ன கண்டார்கள் என்ற கேள்விக்கு அவர்கள் இருந்தவரை என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இன்றைக்குக் கேட்டிருந்தால், “கேக்க ஒரு எடம் வேணும்னு சொன்னீங்களே ஆச்சி, அந்த எடத்துக்கு மத்தவங்களும் வர்றதுக்கு வழி உண்டாச்சு” என்று சொல்லியிருப்பேன்.

அந்நாளில் ஓவர்சீஸ் வங்கியின் பங்கோ பர்மா கணக்கேடுகளோ வீட்டில் பார்த்த நினைவு உள்ளவர்கள் எழுதுங்கள். படிக்க ஆவலாக இருக்கிறேன்.